பிளாட்டினமும் குருத்தணுவும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

'ஸ்டெம் செல்' என்னும் சொல் தமிழ் நாளிதழ்களில் புழங்கத் தொடங்கிய நாள்முதலாக அதன்மீது ஒரு மாய ஒளி படிந்துவிட்டது. முழங்கால் தேய்மானத்திலிருந்து முதுமைவரை அனைத்தையும் அது நீக்கிவிடும் என்பதுபோன்ற விளம்பரங்களை நாம் பார்க்கிறோம். பழைய சித்த மருத்துவ விளம்பரங்களில் 'சர்வரோக நிவாரணி' வகித்த இடத்தை இப்போது இது பிடித்துக்கொண்டிருக்கிறது எனலாம். இக்கட்டுரையில் நாம் பேசவிருப்பது அந்த மாயத்தைப் பற்றியதன்று. மருத்துவ உலகில் நெடுங்காலமாக நடைமுறையில் இருப்பதும், எண்ணிக்கையில் சிறியதும், ஆனால் பலன் இன்னதென்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்து அளக்கப்பட்டதுமான ஒரு பயன்பாட்டைப் பற்றியது. முற்றிய நிலையிலுள்ள இன உயிரணுப் புற்றுநோய்க்கு மிகையளவு மருந்து கொடுத்து, அதனால் அழியும் எலும்பு மஜ்ஜையை நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களைக் கொண்டே மீட்டெடுக்கும் சிகிச்சை அது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இப்புற்றின் ஆங்கிலப் பெயரில் வரும் 'ஜெர்ம்' என்ற சொல்லைக் கண்டவுடன் 'கிருமி' என்று மொழிபெயர்த்துவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நோயாளியின் உறவினர் அதைப் படித்தால் இது தொற்றுநோய் என்றே எண்ணுவார். அச்சொல்லின் மூலமான லத்தீன் சொல்லுக்கு முளை, துளிர் என்பதே பொருள். விந்தணுவும் சினைமுட்டையும் எந்த உயிரணுக்களிலிருந்து தோன்றுகின்றனவோ அவையே இங்குக் குறிக்கப்படுகின்றன. 'ஸ்டெம் செல்' என்பதை நம்மவர்கள் 'குருத்தணு' என்று பெயர்த்தது அழகான பெயர்ப்பு. வாழைக்குருத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆக, நோயின் பெயரிலும் மருந்தின் பெயரிலும் துளிர் என்ற ஒரே படிமம்தான் ஒளிந்திருக்கிறது. 'மாற்று அறுவை சிகிச்சை' என்று செய்தித்தாள்கள் எழுதுவதும் பொருந்தாது. இதில் கத்தியும் இல்லை, பிறர் உறுப்பும் இல்லை. இரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை நாளத்தின் வழியே உள்ளே செல்கிறது, அவ்வளவுதான்.

இந்நோய் பெரும்பாலும் ஆண்களின் விந்தகத்தில் தோன்றுவது. சினைப்பையிலும், மார்புக்கூட்டின் நடுப்பகுதியிலும், வயிற்றின் பின்புறத்திலும் தோன்றுவதுண்டு. நார்வே, டென்மார்க் போன்ற வட ஐரோப்பிய நாடுகளில் மிகுதி; நம் நாட்டில் மிகக் குறைவு. ஆனால் அது தேர்ந்தெடுக்கும் வயதுதான் கொடியது. பதினைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்களுக்கு வரும் திடக்கட்டிப் புற்றுகளில் பல நாடுகளில் முதலிடம் இதற்குத்தான். படிப்பை முடித்து, வேலை தேடி, மணம் முடிக்கும் பருவம். 1970 ஜூன் மாதம் நியூயார்க்கில் பிரையன் பிக்கலோ என்னும் அமெரிக்கக் கால்பந்து வீரர் இவ்வகைப் புற்றினால் இறந்தபோது அவருக்கு வயது 26. அடுத்த ஆண்டே அவர் கதை தொலைக்காட்சித் திரைப்படமாகி அந்நாட்டை அழவைத்தது. உடலெங்கும் பரவிய நிலையில் இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒருவர் பிழைத்தாலே அரிது என்றிருந்த காலம் அது. 1960இல் மின் சியூ லீ என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் மூன்று மருந்துகளை இணைத்துக் கொடுத்துச் சிலரிடம் கட்டிகள் மறைவதைக் காட்டியிருந்தனர். மெல்வின் சாமுவேல்ஸ் டெக்சாஸில் வின்பிளாஸ்டினையும் பிளியோமைசினையும் இணைத்துச் சற்று முன்னேறினார். ஆனாலும் பெரும்பாலோர் இறந்தனர்.

திருப்பம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலாளர் இருந்தார். உயிரணு பிளவுபடும்போது அதனுள் தோன்றும் கதிர் போன்ற அமைப்பைப் படத்தில் பார்த்த அவருக்கு, காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் அடுக்கிக்கொள்ளும் காட்சி நினைவுக்கு வந்தது. மின்புலம் உயிரணுப் பிளவைப் பாதிக்குமோ என்ற ஐயம் எழுந்தது. பாக்டீரியாக்கள் வளரும் திரவத்தில் பிளாட்டினத்தாலான மின்முனைகளை இறக்கி மின்சாரத்தைச் செலுத்தினார். பிளாட்டினத்தை அவர் தேர்ந்தது, அது எதனுடனும் வினைபுரியாத உலோகம் என்ற நம்பிக்கையில். பாக்டீரியாக்கள் பிளவுபடுவதை நிறுத்தின, ஆனால் சாகவில்லை. இயல்பான நீளத்தைப்போல் முந்நூறு மடங்குவரை நூலாக நீண்டுகொண்டே போயின. மின்சாரத்தின் வேலை என்றுதான் முதலில் தோன்றியது. நுணுகி ஆராய்ந்தபோது, மந்தமானது என்று நம்பிய பிளாட்டினமே திரவத்திலிருந்த அம்மோனியாவோடும் குளோரைடோடும் கூடி ஒரு சேர்மமாகியிருந்தது தெரிந்தது. பிளவைத் தடுத்தது அதுதான். 1965இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. அச்சேர்மம் புதியதுமன்று, இத்தாலியரான மிக்கேலே பெய்ரோனே 1840களிலேயே அதைத் தயாரித்திருந்தார். நூற்றிருபது ஆண்டுகள் வேதியியல் நூல்களில் உறங்கிய பொருள் அது.

பிளவைத் தடுப்பது புற்றையும் தடுக்கலாமே என்று எலிகளில் சோதித்து 1969இல் மறுபடியும் எழுதினார் ரோசன்பெர்க். எழுபதுகளின் தொடக்கத்தில் அது மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டபோது சிறுநீரகங்கள் கெட்டன. வாந்தியோ நாளெல்லாம் நிற்கவில்லை. சிஸ்பிளாட்டின் என்று பெயர்பெற்ற அம்மருந்தைக் கைவிட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஏராளமான திரவத்தை நாளத்தின் வழியே முன்கூட்டியே செலுத்தினால் சிறுநீரகம் தாக்குப்பிடிக்கும் என்ற எளிய கண்டுபிடிப்பு அதைக் காப்பாற்றியது. விந்தகப் புற்றில் அது நன்றாக வேலை செய்வதாக நியூயார்க் மாநிலத்தின் ராஸ்வெல் பார்க் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற இளம் மருத்துவர், வயது முப்பத்திரண்டு நெருங்கும்போது, சாமுவேல்ஸின் இரு மருந்துகளோடு சிஸ்பிளாட்டினைச் சேர்த்தார். அறுவை நிபுணர் ஜான் டோனஹ்யூவும் அவரும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில், மதிப்பிடத்தக்க 47 நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் புற்று முழுமையாக மறைந்திருந்தது. பரவிவிட்ட திடக்கட்டிப் புற்று ஒன்றில் இவ்வளவு பேர் பிழைப்பது அதுவரை கேள்விப்படாதது. 1978 டிசம்பரில் அமெரிக்க அரசு மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் வின்பிளாஸ்டினுக்குப் பதிலாக எட்டோபோசைட் வந்தது. அதன் மேன்மையை 1987இல் வெளியான ஆய்வு நிறுவியது.

1997இல் பல நாடுகளின் மருத்துவர்கள் கூடி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து, நோயை மூன்று தரங்களாகப் பிரித்தனர். செமினோமா அல்லாத வகையில் நல்ல நிலையினரில் 92 விழுக்காட்டினர் ஐந்தாண்டு வாழ்ந்திருந்தனர், இடைநிலையினரில் 80, மோசமான நிலையினரில் 48. இவ்வெண்கள் 2021இல் புதுப்பிக்கப்பட்டபோது முறையே 96, 89, 67 என உயர்ந்திருந்தன. நன்று. ஆனால் முதல் சிகிச்சைக்குப் பின்னும் நோய் திரும்புகிறவர்கள், சிஸ்பிளாட்டினுக்கே மசியாதவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் எஞ்சி நின்றது. நம் கட்டுரையின் கதாபாத்திரங்கள் அவர்கள்தாம்.

அவர்களுக்கு என்ன செய்வது? மருந்தின் அளவைக் கூட்டினால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் தோன்றக்கூடியதே. ஆனால் சிஸ்பிளாட்டினைக் கூட்ட முடியாது. சிறுநீரகமும் நரம்பும் செவியும் முதலில் வீழும். இங்கே அதன் தம்பி ஒருவன் வருகிறான். இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட கார்போபிளாட்டின் சிறுநீரகத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதன் நஞ்சு முக்கியமாக எலும்பு மஜ்ஜைமீது பாய்கிறது. எட்டோபோசைட்டும் அப்படியே. வழக்கமான அளவில் இப்புற்றுக்கு எதிராகக் கார்போபிளாட்டின் அண்ணனைவிடப் பலவீனமானது என்பது பிற்காலச் சோதனைகளில் உறுதியானது. ஆயினும் அதற்கொரு சிறப்பு உண்டு. மஜ்ஜை மட்டுமே தடை என்றால், மஜ்ஜையை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு அளவைப் பல மடங்கு கூட்டலாம். புற்று அழிந்தபின் மஜ்ஜையைத் திருப்பித் தரலாம். வெள்ளத்துக்கு முன் விதைநெல்லைப் பரண்மேல் ஏற்றிவைக்கும் விவசாயியின் கணக்கு இது. விதைநெல் வெள்ளத்தைத் தடுப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். இச்சிகிச்சையில் புற்றைக் கொல்வது மருந்து; குருத்தணு செய்வது மருந்து கொன்ற மஜ்ஜையை மீண்டும் தழைக்கவைப்பது.

மஜ்ஜையைத் திருப்பித் தரும் கலைக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. டானல் தாமஸ் 1957இல் பிறர் மஜ்ஜையை ஆறு நோயாளிகளுக்குச் செலுத்தியதை அறிவித்தார். நூறு நாள்களைத் தாண்டி அவர்களில் ஒருவரும் வாழவில்லை. கனடாவின் டில்லும் மெக்கல்லாவும் 1961இல், எலியின் மண்ணீரலில் முளைத்த சிறு முண்டுகளை எண்ணி, ஒரே அணுவிலிருந்து இரத்தத்தின் பலவகை அணுக்கள் பிறக்க முடியும் என்பதற்கு வழிகாட்டினார்கள். தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறர் மஜ்ஜையில் உள்ள பெரும் இடர், அது புதிய உடலையே அந்நியமாகக் கருதித் தாக்குவது. சொந்த மஜ்ஜையில் அந்தச் சிக்கல் இல்லை.

1986இல் இந்தியானாவில் கிரெய்க் நிக்கல்ஸ், ஐன்ஹார்ன் முதலானோர் இம்முயற்சியைத் தொடங்கினர். கார்போபிளாட்டினின் அளவைப் படிப்படியாக ஏற்றினர். அதன் முடிவுகள் 1989இல் வெளிவந்தன. நோயாளிகள் 33 பேர்; பலமுறை வேதிச்சிகிச்சை பெற்றுத் தோற்றவர்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் புற்றினால் அல்ல, சிகிச்சையினாலேயே இறந்தார். வெள்ளணு இல்லாத வாரங்களில் வந்த தொற்றும், உறுப்புகள் தாங்காமையும் காரணம். சிலருக்கு நோய் முழுமையாக மறைந்தது. மிகச் சிலருக்கு மறைந்தது திரும்பவே இல்லை. இந்த மிகச் சிலரை எப்படிப் படிப்பது என்பதில்தான் மருத்துவரின் மனம் வெளிப்படுகிறது. ஐந்தில் ஒருவரைக் கொன்ற சிகிச்சை என்று மூடிவைத்திருக்கலாம். வேறு எதுவுமே குணப்படுத்தாத இடத்தில் ஒருசிலரைக் குணப்படுத்தியது என்றும் வாசிக்கலாம். இந்தியானாவில் இரண்டாவது வாசிப்பையே மேற்கொண்டனர். அது சரிதான் என்பதை அன்று யாராலும் நிறுவியிருக்க முடியாது என்பதை நாம் மறக்கக்கூடாது.

சிகிச்சையால் வரும் சாவைக் குறைத்தவை மூன்று. முதலாவது, வெள்ளணு வளர்ச்சியைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம். 1991இல் ஒப்புதல் பெற்றது. இரண்டாவது, அதே மருந்தின் தூண்டுதலால் குருத்தணுக்கள் மஜ்ஜையைவிட்டு இரத்த ஓட்டத்துக்கே வந்துவிடுகின்றன என்ற அறிவு. இதனால் மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பைத் துளைக்கவேண்டிய தேவை நீங்கியது. கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் குருத்தணுக்களைப் பிரித்து, மீதியை உடலுக்கே அனுப்பிவிடலாம். அப்படிப் பிரித்தவை திரவ நைட்ரஜனில் உறையவைக்கப்படுகின்றன. திரும்ப ஏற்றும்போது, உறைவின்போது கலந்த பாதுகாப்புப் பொருளினால் அறை முழுவதும் பூண்டு வாசம் அடிக்கும். மூன்றாவது, வாந்தியைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் தேர்ந்தமை.

தொண்ணூறுகளில் இதே தர்க்கம் இன்னொரு நோயில் பெரும் சோகமாக முடிந்தது. அதைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது. மார்பகப் புற்றுக்கும் மிகையளவு மருந்தும் மஜ்ஜை மீட்பும் பலன்தரும் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் காட்டுத்தீயாகப் பரவியது. சோதனை முடியும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்க மறுத்த ஒரு வழக்கில், 1993 டிசம்பரில் கலிபோர்னிய ஜூரிகள் 89 மில்லியன் டாலர் வழங்குமாறு தீர்ப்பளித்தனர். அதன்பின் நிறுவனங்கள் வாய்மூடிப் பணம் கட்டின. பல்லாயிரம் பெண்கள் இச்சிகிச்சைக்கு உள்ளாயினர். 1999 மே மாதம் புற்று மருத்துவர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஐந்து சோதனைகளின் முடிவுகள் வாசிக்கப்பட்டன. நான்கில் பயனில்லை. பயன் உண்டென்று சொன்ன ஒரே ஆய்வு தென்னாப்பிரிக்காவின் வெர்னர் பெஸ்வோடாவுடையது. 2000 ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜோகன்னஸ்பர்க் சென்று ஏடுகளைப் புரட்டினர். பொய்மை வெளிப்பட்டது, அவர் ஒப்புக்கொண்டார், பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. பெண்களின் நம்பிக்கையின்மீது ஒரு துறை இவ்வளவு அலட்சியமாக நடந்துகொண்டதை வாசிக்கையில் நமக்கு எழும் கசப்பு எளிதில் நீங்குவதில்லை.

ஆகவே 2000க்குப் பிறகு எவரேனும் 'மிகையளவு' என்று சொன்னாலே ஐயத்துடன் பார்க்கும் காலமாயிற்று. இப்பின்னணியில்தான் 2007இல் ஐன்ஹார்ன் குழுவினர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையைப் படிக்கவேண்டும். 1996 பிப்ரவரி முதல் 2004 டிசம்பர்வரை இந்தியானாவில் சிகிச்சை பெற்ற 184 நோயாளிகள். மூன்று நாள் கார்போபிளாட்டின், எட்டோபோசைட், பின் குருத்தணு, இவ்வாறு இரண்டு சுற்று. 116 பேர், அதாவது 63 விழுக்காட்டினர், நோய் திரும்பாமல் இருந்தனர்; பின்தொடர்ந்த காலத்தின் இடைநிலை அளவு 48 மாதங்கள். முதல் சிகிச்சை தோற்றவுடனேயே இதற்கு வந்த 135 பேரில் 94 பேர் பிழைத்தனர். மூன்றாவது முயற்சியாகவோ அதற்கும் பின்னரோ வந்த 49 பேரில் 22 பேர். பிளாட்டினத்துக்கு மசியாத நோயுடையோர் 40 பேர். அவர்களிலும் 18 பேர் நலமாயிருந்தனர். இந்தக் கடைசி எண்தான் நம்மைப் பொறுத்தவரை கட்டுரையின் இதயம். மசியாத நோய் அளவைக் கூட்டினால் மசிகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம். சிகிச்சையின்போது மருந்தால் இறந்தோர் மூவர். 1989இன் 'ஐந்தில் ஒருவர்' எங்கே, 184இல் மூவர் எங்கே! 2004 முதல் 2014 வரையிலான அடுத்த 364 நோயாளிகளின் தொகுப்பு 2017இல் வந்தது: இரண்டாண்டில் நோய் முற்றாதோர் 60 விழுக்காடு, உயிரோடிருப்போர் 66, மருந்தால் இறந்தோர் ஒன்பதின்மர். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் முதலில் பாக்லிடாக்சலும் ஐஃபாஸ்பமைடும், பின் மூன்று சுற்று மிகையளவும் என்ற வேறு முறையில் 107 பேரைச் சிகிச்சை செய்தனர். 2010இல் வெளியான முடிவின்படி ஐந்தாண்டில் உயிரோடிருந்தோர் 52 விழுக்காடு. அவர்களிடையே இரண்டாண்டுக்குப் பின் நோய் திரும்பியவர் ஒருவருமில்லை.

இதன் மறுபக்கம் உண்டு. மேற்கண்டவை எல்லாம் ஒப்பிட எதிரணி இல்லாத தொகுப்புகள். மிகையளவைத் தாங்கக்கூடியவர் என்று மருத்துவர் கருதியவர்களே அவற்றில் இடம்பெற்றனர். குலுக்கல் முறையில் இரு அணிகளாகப் பிரித்துப் பார்த்தவை வேறு கதை சொல்லின. 1994இல் தொடங்கி ஐரோப்பாவில் 280 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2005இல் வந்தது. வழக்கமான நான்கு சுற்று பெற்றவர்களும், மூன்று சுற்றோடு ஒரு மிகையளவும் பெற்றவர்களும் மூன்றாண்டில் உயிரோடிருந்த விகிதம் ஒன்றே: 53. சிகிச்சையால் இறந்தவர்கள் மட்டும் 3 விழுக்காட்டிலிருந்து 7 ஆயினர். நோயின் தொடக்கத்திலேயே மிகையளவு கொடுத்துப் பார்த்த, 219 பேர் பங்குபெற்ற அமெரிக்கச் சோதனையும் 2007இல் பயனில்லை என்றே முடிந்தது. ஜெர்மானியர்களோ ஒரே பெரும் சுற்றா, தொடர்ந்து மூன்று சுற்றா என்று ஒப்பிட்டனர். ஒரே சுற்று பெற்றவர்களில் 16 விழுக்காட்டினர் சிகிச்சையால் இறக்க, தொடர்சுற்றில் 4 விழுக்காட்டினரே இறந்ததால், சோதனையை இடையில் நிறுத்தவேண்டியதாயிற்று.

இம்முரணை எப்படிப் புரிந்துகொள்வது? ஐரோப்பியச் சோதனையில் மிகையளவு ஒரே ஒருமுறைதான் கொடுக்கப்பட்டது, அதுவும் கடைசியில். அந்த அணியில் கணிசமானோர் அக்கட்டத்தை எட்டவேயில்லை. முதலிலேயே பலமுறை அடிக்கும் இந்தியானா முறையை அது சோதிக்கவில்லை என்ற வாதம் நமக்கு ஏற்புடையதே. ஆனால் மார்பகப் புற்றின் ஆதரவாளர்களும் ஒவ்வொரு தோல்விக்கும் இப்படியொரு விளக்கம் வைத்திருந்தார்கள் என்பது உறுத்துகிறது. 2011இல் 38 மையங்களின் 1,594 நோயாளிகளைப் பின்னோக்கித் தொகுத்தபோது, மிகையளவு பெற்றவர்களில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் 53 விழுக்காடு, வழக்கமான அளவு பெற்றவர்களில் 41 என வந்தது. பெரிய தொகுப்புத்தான்; எனினும் குலுக்கல் இல்லாதது. அதனால்தான் 2015இல் 'டைகர்' என்ற பெயரில் அமெரிக்க, ஐரோப்பிய மையங்கள் இணைந்து, 420 பேரை இலக்காகக் கொண்டு, முதல் சிகிச்சை தோற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரு வழிகளிலும் அனுப்பும் சோதனையைத் தொடங்கின. அரிய நோய்; அதிலும் அரிய கட்டம். இத்தனை பேரைத் திரட்டுவதற்கே பல நாடுகளும் பல ஆண்டுகளும் வேண்டும். சோதனையின்றிச் சிகிச்சை முந்திக்கொண்டால் என்ன நேரும் என்பதை 1999 காட்டியிருக்கையில், இந்தக் காத்திருப்பை வீண் என்று நாம் சொல்லமாட்டோம்.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். மூளைக்கும் நுரையீரலுக்கும் பரவிய நோயோடு 1996இல் அவர் இந்தியானாவுக்குச் சென்று ஐன்ஹார்னிடமும் நிக்கல்ஸிடமும் சிகிச்சை பெற்றார். நுரையீரலைக் கெடுக்கும் பிளியோமைசின் தவிர்க்கப்பட்டது. வழக்கமான அளவிலேயே அவர் குணமானார். குருத்தணுவுக்குத் தேவை ஏற்படவில்லை. பின்னாளில் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012இல் அவருடைய பட்டங்கள் பறிக்கப்பட்டன. அவர் வென்ற பந்தயங்கள் பொய். அவர் பிழைத்தது மெய்.

இனி, நீண்டகாலம் என்பதற்கு வருவோம். மேலே 48 மாதங்கள், இரண்டாண்டு, ஐந்தாண்டு என்றெல்லாம் எழுதினோம். நுரையீரல் புற்று கண்ட எழுபது வயதினருக்கு ஐந்தாண்டு என்பது நீண்டகாலம். இருபத்தெட்டு வயதில் சிகிச்சை பெற்றவருக்கு 48 மாதங்கள் கழித்து வயது முப்பத்திரண்டு. இன்னும் நாற்பது ஆண்டுகள் அவர்முன் கிடக்கின்றன. புற்றைப் பொறுத்தவரை இரண்டாண்டைக் கடந்தவருக்கு நோய் திரும்புவது அரிது. 'குணமாயிற்று' என்ற சொல்லை இங்கே தயக்கமின்றிச் சொல்லலாம். ஆனால் மருந்துக்கு ஒரு பின்வாழ்வு இருக்கிறது. சிஸ்பிளாட்டின் பெற்றவர்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பிளாட்டினத்தை அளந்திருக்கிறார்கள். காதின் உட்சுருளிலுள்ள நுண்மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை. விந்தகப் புற்றிலிருந்து சிஸ்பிளாட்டினால் மீண்ட 488 பேரைச் செவிச்சோதனை செய்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், ஐவரில் நால்வருக்குக் கேட்டலில் குறை காணப்பட்டது. மிகையளவுக்கு வருபவர்கள் ஏற்கெனவே இம்மருந்தைப் பெற்றுவிட்டே வருகிறார்கள். அதன்மேல் கார்போபிளாட்டின் சேர்கிறது. சத்தம் நிறைந்த திருமண மண்டபத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு புரியாமல் தலையாட்டும் நாற்பது வயதுக்காரரைக் கற்பனை செய்துகொள்ளலாம். விரல்நுனி மரத்துப்போதல், குளிரில் விரல் வெளுத்தல், சிறுநீரகம் தளர்தல், இரத்த அழுத்தம், இதயநோய், ஆண்மைச் சுரப்பு குன்றுதல் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

இரத்தப் புற்று இன்னும் கடுமையானது. எட்டோபோசைட் சில குருத்தணுக்களின் மரபுச் சரட்டை உடைத்து, பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் தீவிர இரத்தப் புற்றைத் தோற்றுவிக்கக்கூடும். இந்தியானாவின் 184 பேரில் மூவருக்கும், அடுத்த 364 பேரில் ஐவருக்கும் இது வந்தது. நூற்றுக்கு ஒன்றிரண்டு. வேறு வழியில்லாதவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் அவர் தயங்கமாட்டார். தொடக்கத்திலேயே அனைவருக்கும் மிகையளவு கொடுப்பதற்கு எதிராக வைக்கத்தக்க எண்ணும் இதுவே. மார்புக்கூட்டின் நடுவே தோன்றும் வகையினருக்கோ கணக்கே வேறு. அவர்களுக்கு மிகையளவிலும் கிடைக்கும் பலன் குறைவு.

பிள்ளைப்பேற்றைப் பற்றி நம்மவர்கள் கேட்கத் தயங்குவார்கள். மருத்துவரும் அவசரத்தில் சொல்ல மறந்துவிடுவதுண்டு. முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம். ஒரு நாள் வேலை. குருத்தணுவைக் காக்கும் அதே திரவ நைட்ரஜன்தான் இதையும் காக்கிறது. இரண்டாவது, மூன்றாவது சிகிச்சை என்று போனபின் சேமிக்க நினைத்தால் பெரும்பாலும் எடுப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அதனால் இக்கேள்வியைக் கேட்கவேண்டிய நாள், நோயின் பெயர் சொல்லப்படும் முதல் நாளே.